ஒன்பதாவது துணி

கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அந்தப் புண் மூச்சு விட்டது.

லாமாராவுக்குக் காரணம் தெரியாமல் இல்லை. முப்பது வருடமாக அந்த மலைக் கிராமத்துக்கு அவள்தான் நர்ஸ். கோடாரி வெட்டு, கரடி கீறிய தோள், கொதிக்கும் திராட்சைக் கூழ் கொட்டிய தொடை என்று அவள் பார்க்காத புண் இல்லை. சீழுக்கு அடியில் அடைபட்டிருந்த காற்று, துணி விலகியதும் வெளியே வருகிறது, அவ்வளவுதான். தெரிந்தும், பெஜானின் காலில் கடைசிச் சுற்றைப் பிரிக்கும் இடத்தில் அவள் கை தானாகவே மெதுவாகிவிடும். உள்ளே யாரோ தூங்குகிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

அன்றும் அது மெல்ல, நீளமாக, ஒரு மூச்சு விட்டது.

"என்ன சொல்லுது அக்கா?" என்றான் பெஜான், தலையணையிலிருந்து தலையைத் தூக்காமலே.

"உன்னைத் திட்டுது. நேத்து சாச்சா சாராயம் குடிச்சியாமே."

"ஒரு மடக்குதான். அதுவும் புண்ணோட ஆரோக்கியத்துக்குன்னு சொல்லித்தான் குடிச்சேன்."

சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் முகம் வெளுத்துவிட்டது. ஆறடி ஆள். நாற்பது வயது. மரம் அறுப்பதில் அந்தப் பள்ளத்தாக்கிலேயே அவனுக்கு இணை கிடையாது. ஆகஸ்ட் கடைசியில், மாதா திருநாளுக்கு மறுநாள், சரிவில் அறுத்துப் போட்ட காட்டு பீச் மரத் துண்டு உருண்டு வந்து அவன் வலது காலை நசுக்கியது. "மூணு தரம் கத்தினாங்க, ஓடுடான்னு. நான் ராச்சாக்காரன் இல்லையா, திரும்பிப் பாக்குறதுக்குள்ள மத்தியானம் ஆயிடுச்சு" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லுவான். அந்த மலைப் பகுதியான ராச்சாவில் பிறந்தவர்கள் நிதானக்காரர்கள் என்று நாடே கேலி செய்யும். அந்தக் கேலியை அவர்களே முதலில் சொல்லிக்கொண்டு விடுவார்கள்.

எலும்பு கூடிவிட்டது. புண்தான் மூடவில்லை. நகரத்து ஆஸ்பத்திரியில் நான்கு வகை மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். புண்ணில் குடியிருந்த கிருமி நான்குக்கும் அசையவில்லை. நவம்பர் பதினைந்து, புதன்கிழமை. அதற்குள் புண் தேறவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவது என்று டாக்டர் தேதி குறித்துக் கொடுத்திருந்தார். ஒற்றைக் காலோடு சரிவில் நின்று யாரும் மரம் அறுக்க முடியாது. அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

புண்ணைக் கழுவிப் புதுத் துணி சுற்றி, தன் கைக்கே உரிய தட்டை முடிச்சைப் போட்டுவிட்டு, லாமாரா பழைய துணியைச் சுருட்டி பெஜானின் மனைவி சியாலாவிடம் கொடுத்தாள்.

"அடுப்புல போட்டுடு. சாம்பலாகுற வரைக்கும் நின்னு பாரு."

"சரிக்கா."

சியாலா அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். வாசலில், லாமாரா போன வாரம் அவரைப் பயறு அடைத்த ரொட்டி கொண்டுவந்த தட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தாள். தட்டில் ஒரு கை நிறைய வால்நட். அந்த ஊரில் யாரும் அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. வீட்டில் வேறொன்றும் இல்லை என்றால் ஒரு வெங்காயமாவது அதில் இருக்கும்.

தலைநகரமான திபிலிசியில் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. கிருமியைத் தின்னும் நுண்ணுயிர்களை, ஃபேஜ் என்பார்கள், அங்கே வளர்க்கிறார்கள். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு அந்தச் சின்னப் பாட்டிலை உடைத்து ஊற்றாத தாய் அந்த நாட்டில் கிடையாது. புண்ணுக்கு என்றால் அதையே மெல்லிய தாளில் ஏற்றித் தருவார்கள். காய்ந்த தேன் போன்ற நிறம். புண்மேல் வைத்தால் ஈரம் பட்டு இளகி, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும். அக்டோபரிலேயே பெஜானுக்கு அந்தத் தாள் வந்தது. இரண்டு வாரம் வைத்தார்கள். பலன் இல்லை.

"உங்க ஆளோட கிருமி புது மாதிரி" என்றாள் நாதேலா தொலைபேசியில். அந்தக் கூடத்தில் கிருமிகளோடு நாற்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவள். "எங்ககிட்ட இருக்கிற எல்லாத்தையும் அது மேல விட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் வாயைத் திறக்க மாட்டேங்குது."

"வேற வழி?"

"தண்ணி அனுப்பு. நல்ல தண்ணி வேண்டாம், கெட்ட தண்ணி. இந்தக் கிருமி எங்க குடியிருக்கோ, அதைத் தின்னுறதும் அங்கதான் பக்கத்துல இருக்கும். கிடைச்சா நான் ராப்பகலா உக்காந்து தாள் பண்ணி அனுப்புறேன்."

ஆஸ்பத்திரிச் சாக்கடை, ஆடு அறுக்கும் இடத்து வாய்க்கால், ஊருக்குக் கீழே ஆறு தேங்கும் மடு, மூன்றிலிருந்தும் லாமாரா ஜாடியில் பிடித்து அனுப்பினாள். மூன்றும் வீண். நாதேலா மறுபடி கூப்பிட்டாள்.

"உங்க ஊர்க்காரங்க புண்ணைக் கழுவுற இடம்னு ஏதாவது இருக்கா? பழைய இடமா? அங்கதான் பல வருஷத்துக் கிருமி இருக்கும். அதைத் தின்னுறதும்."

லாமாரா ஜன்னல் வழியாக மேலே பார்த்தாள்.

"இருந்துச்சு" என்றாள். "நான்தான் அழிச்சேன்."

ஊருக்கு மேலே, கூரை விழுந்த புனித பார்பரே கோயில். பக்கத்தில் ஓர் ஓக் மரம். மூன்று பேர் கைகோத்தாலும் சுற்ற முடியாது. அடியில் ஒரு சின்ன ஊற்று. உடம்பில் புண் வந்தவர்கள் அங்கே போய்க் கழுவி, புண்ணைச் சுற்றியிருந்த துணியை மரத்தில் கட்டிவிட்டு வருவார்கள். நோயை அந்த ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எஜமான்கள் வந்திருக்கிறார்கள் என்பார்கள். வீட்டுக்கு வந்த எஜமானை விரட்டக் கூடாது. மரியாதையாகப் பேசி, அந்த மரத்தில் இறக்கிவிட்டு வரவேண்டும். மரத்தடியில் குரல் உயர்த்தக் கூடாது. யார் கட்டிய துணியையும் யாரும் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால், இறங்கியவர் அவிழ்த்தவரோடு கூடவே நடந்து வந்துவிடுவார்.

லாமாரா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். புனிதையிடம் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டுவது சரி, சீழ்த்துணியைக் காற்றில் பறக்கவிடுவது சரியில்லை என்பது அவள் கட்சி. மூன்று வருடம் முன்பு சுகாதாரத் துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் பெஜானைக் கூப்பிட்டாள். ஊரில் வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் மாட்டேன் என்றிருப்பார்கள். அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வலது காலைத் தாழ்ந்த கிளையில் ஊன்றி நின்று, அரிவாளால் கொத்துக் கொத்தாக வெட்டிப் போட்டான். இரண்டு சாக்கு நிறையத் துணி. பெட்ரோல் ஊற்றி எரித்தார்கள். ஊற்றில் ஒரு பை குளோரின் பொடியைக் கொட்டினாள்.

அந்தப் புகை மேலே போகவில்லை. சரிவில் இறங்கி ஊருக்குள் வந்து மூன்று நாள் நின்றது. ஊர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பிறகும் பேசவில்லை. பீச் மரம் பெஜானின் வலது காலில் உருண்டபோதும் பேசவில்லை. அவரை ரொட்டியும் பன்றித் தொடையும் எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் முதலில் காலைப் பார்த்தார்கள். பிறகு லாமாராவைப் பார்த்தார்கள். பிறகு ஜன்னல் வழியாக மேலே, மரம் இருக்கும் திசையைப் பார்த்தார்கள்.

கடவுள் அப்படிக் கணக்குத் தீர்க்கிறவர் இல்லை என்று லாமாரா நம்பினாள். உறுதியாகத்தான் நம்பினாள். ஆனாலும், மரம், ஏவியவளை விட்டுவிட்டு, ஏவப்பட்டவனைப் பிடித்துக்கொண்டதோ என்ற நினைப்பு, பாத்திரம் கழுவும்போதும் கம்பளி பின்னும்போதும் அவள் பின்னால் வந்து நின்றது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஐஸ்பெட்டி, ஜாடிகள், கத்தரிக்கோல், கொதித்து ஆறின தண்ணீர், தன் வழக்கமான பை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, ஊற்றில் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று பார்க்கக் கோயிலுக்கு ஏறினாள். பத்து நாளாக மழை இல்லை. ஆனால் அன்று பனிமூட்டம். வெயில் எங்கோ மேலே இருந்தது, இங்கே பால் கலந்த மாதிரி வெளிச்சம்தான். கோயிலை நெருங்க நெருங்கப் பறவைச் சத்தம் நின்றது. காலடியில் இலை நொறுங்கும் சத்தம்கூட அவள் அடி எடுத்து வைத்த பிறகு, ஒரு நொடி தாமதித்துத்தான் கேட்டது.

ஊற்று வற்றிக் கிடந்தது. அடியில் வெள்ளையாக ஒரு படிவு, அவள் கொட்டிய பொடிதான். ஒரு பூச்சிகூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். ஆய்வுக்கு வந்தவர் 'சபாஷ்' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டது நினைவுக்கு வந்தது.

பிறகு நிமிர்ந்தாள். மரம் மொட்டையாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. தாழ்ந்த கிளைகளில் துணிகள் தொங்கின.

எண்ணினாள். ஒன்பது.

எட்டை உடனே அடையாளம் தெரிந்தது. ஆஸ்பத்திரி காஸ் துணி. அவள் கையால் மடித்துச் சுற்றிய, அடுப்பில் போடச் சொல்லிக் கொடுத்த பெஜானின் துணிகள். அடி சியாலா! கோபம் வந்தது. அப்படியே விழுங்கினாள். தேடி வந்தது எதுவோ அது இப்போது இந்தத் துணிகளில்தான் இருந்தாக வேண்டும். எரிக்கச் சொன்ன வாயால் திட்டவா முடியும்?

எட்டையும் வெட்டி எட்டு ஜாடியில் போட்டு எண் எழுதினாள்.

ஒன்பதாவது தனியாக, அடிமரத்தையே சுற்றிக் கட்டியிருந்தது. முரட்டுச் சணல் துணி. கையில் நூற்று, கையில் நெய்தது. அப்படி நெய்ய அந்தப் பள்ளத்தாக்கில் இப்போது யாரும் உயிரோடு இல்லை. மற்ற எட்டும் காய்ந்து விறைத்திருந்தன. இது சொட்டச் சொட்ட ஈரம். தொட்டாள். கையை இழுத்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யார் உடம்பிலிருந்தோ எடுத்த மாதிரி.

"யேசுவே" என்று சிலுவை போட்டுக்கொண்டு கத்தரிக்கோலை வைத்தாள். வெட்டவில்லை. கூர்மையான கத்தரிக்கோல், எட்டையும் வெட்டிய கத்தரிக்கோல், இந்தத் துணியில் வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். வழுக்கி வந்து அவள் இடது ஆள்காட்டி விரலைக் கிழித்தது. இரத்தம் இலைமேல் விழுந்த சத்தம் கேட்டது. ஒரு சொட்டு விழுகிற சத்தம் அவ்வளவு பெரிதாகவா கேட்கும்?

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பெஜானின் கால் நினைவுக்கு வந்தது. புதன்கிழமைக்குப் பதினோரு நாள்.

அப்போது அவள் கண் ஈரத் துணியின் ஓரத்துக்குப் போனது. முப்பது வருடப் பழக்கம். ஈரமாகி நாறும் கட்டு ஒன்றைப் பார்த்தால், அது யார் மேல் இருந்தாலும், லாமாராவுக்கு அப்படியே விட்டுவிட்டுப் போகத் தெரியாது. இத்தனை நாள் இந்த நனைந்த துணியோடு யார் நிற்கிறது என்று ஒரு எண்ணம் வந்தது. வந்ததும், பயம் இருந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது.

கத்தரிக்கோலைப் பையில் போட்டாள். மரத்தின் முன்னால் முழங்காலிட்டாள்.

"அன்னிக்குக் கேக்காமலே எடுத்துட்டேன்" என்றாள், நோயாளியின் காதருகே பேசும் குரலில். "ரெண்டு சாக்கு. ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தரோட வலின்னு நினைக்கல. குப்பைன்னு நினைச்சேன். தப்புதான். அந்தப் பையன் நான் சொல்லித்தான் செஞ்சான். இதைக் குடுங்க, அவனுக்கு வேணும். நீங்களும் இந்த ஈரத்தோட நிக்க வேண்டாம். நான் மாத்திவிடுறேன்."

முடிச்சில் விரலை வைத்தாள். நகம் நுழையாத முடிச்சு. இழுக்கவில்லை. குழந்தையின் மூடிய கையைத் திறப்பது போல ஒவ்வொரு இழையாகத் தளர்த்தினாள். எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. முழங்கால் மரத்துப் போனது. திடீரென்று முடிச்சு தானே விட்டுக்கொடுத்தது. கடைசிச் சுற்று விலகியது.

மரம் மூச்சு விட்டது.

மெல்ல, நீளமாக. அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். தினம் காலையில் கேட்கிற அதே சத்தம்.

துணிக்கு அடியில் பட்டை கிழிந்து ஒரு வெட்டு. அரிவாள் வெட்டு. மூன்று வருடமாக மூடாமல், கறுத்த நீர் கசிந்துகொண்டிருந்தது. நீளம் ஒரு சாண். பெஜானின் காலில் இருப்பதும் ஒரு சாண்.

லாமாராவின் கைக்கு வேலை தெரியும். கொதித்து ஆறின தண்ணீரால் வெட்டைக் கழுவினாள். ஓரத்தில் அழுகியிருந்ததை எடுத்தாள். பையில் இருந்த புதுக் காஸ் சுருள் முழுவதையும் அடிமரத்தைச் சுற்றிக் கட்டினாள். போதவில்லை. தன் வெள்ளைக் கம்பளித் தலைத்துணியைக் கழற்றி மேலே சுற்றி, தட்டை முடிச்சு போட்டாள்.

"அழுத்தமா இருக்கா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று உடம்பு சிலிர்த்தது.

எங்கோ ஒரு பறவை கத்தியது.

ஒன்பதாவது துணியை ஒன்பதாவது ஜாடியில் போட்டு மூடி, திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். பாதி வழியில் காதெல்லாம் குளிர்ந்தது.

வேன் ஓட்டும் ஓதியா பெட்டியைத் தூக்கிப் பார்த்தான். "என்னக்கா, மீனா? திபிலிசிக்குப் போயி வறுத்துத் திங்கப் போறாங்களா?"

"பெஜானோட புண்ணு, எட்டு ஜாடி."

அவன் பெட்டியைச் சட்டென்று கீழே வைத்தான். "எட்டா? மூடியில ஒன்பது எண் போட்டிருக்கு."

"ஒன்பதாவது வேற ஒருத்தரோடது. நிமித்தி வை. பாட்டு போடாத, வேகமா போகாத."

ஓதியா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். அன்று திபிலிசி வரை வேனில் பாட்டே போடவில்லை என்று பயணிகள் பிறகு சொன்னார்கள்.

சாயங்காலம் சியாலா அடுப்படியில் நின்று அழுதாள். "எல்லாத்தையும் எரிக்க மனசு வரலக்கா, வாரத்துக்கு ஒண்ணு எடுத்து வச்சேன். நீங்க எரிச்சதுலதான்னு ஊரு... நான் சொல்லல, ஊரு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கொண்டுபோயி கட்டிட்டு, மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். என்னைத் திட்டுங்க."

"திட்ட வரல. எத்தனை கட்டினே?"

"எட்டு."

"அடிமரத்துல கட்டினது?"

"அடிமரத்துலயா? நான் கிளையிலதான் கட்டினேன். எட்டு ஞாயிறு, எட்டுத் துணி. பார்பரே மேல சத்தியம்."

உள்ளறையிலிருந்து பெஜான் குரல் கொடுத்தான். "ரெண்டு பேரும் என் காலைப் பத்தித்தானே பேசுறீங்க? சத்தமா பேசுங்க, கால் எனக்கும் சொந்தம்."

அடுத்த நான்கு நாள் லாமாரா தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்தவரோடு நடந்து வருவார் என்பது ஊர்ப் பேச்சு. வருகிறவர் அந்தக் கிழிந்த விரல் வழியாகத்தான் வருவார். சிவக்கிறதா, வீங்குகிறதா என்று விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூசைக்குப் போனபோது, "வர்றதா இருந்தா என்கிட்டயே வரட்டும், அவனை விட்டுடு" என்று வேண்டினாள். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தபோது விரலில் வெட்டு எங்கே என்றே தெரியவில்லை.

அன்றுதான் நாதேலா கூப்பிட்டாள்.

"எட்டு ஜாடியிலயும் கிருமிதான் இருக்கு. தின்னுறது இல்ல."

லாமாரா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இரு, முடிக்கல. ஒன்பதாவது... நான் நாற்பது வருஷத்துல இப்படிப் பாத்ததில்ல. தட்டு முழுக்க உங்க ஆளோட கிருமியைப் பரப்பி, அந்த ஜாடித் தண்ணில ஒரு சொட்டு விட்டேன். காலையில பாத்தா, பனி படிஞ்ச ஜன்னல்ல மழை விழுந்த மாதிரி ஓட்டை ஓட்டையா சுத்தம். அங்கெல்லாம் ஒரு கிருமிகூட இல்ல. தாள் பண்ண ஆரம்பிச்சுட்டேன். திங்கக்கிழமை ஓதியா வண்டில வரும்."

"கடவுளுக்கு நன்றி. உனக்கும்."

"ஒண்ணு கேக்கணும். நீ அந்த ஜாடில துணி போட்டேன்னுதானே சீட்டுல எழுதியிருக்கே?"

"ஆமா. சணல் துணி."

"திறக்கும்போது துணி இல்லியே. தண்ணி மட்டும்தான் இருந்துச்சு. ஐஸ்பெட்டில வந்தது, ஆனா வெதுவெதுன்னு." நாதேலா கொஞ்சம் தயங்கினாள். "அங்க என்ன இடம் அது?"

"கோயில்" என்றாள் லாமாரா.

திங்கள் மாலை தாள் வந்தது. தேன் நிறத்தில், உள்ளங்கை அகலத்தில் நான்கு. லாமாரா முதலாவதைப் புண்மேல் வைக்கும்போது சியாலா விளக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றாள். பெஜான் மட்டும், "இத்துனூண்டு காகிதமா? இதுல என் பேரை எழுதக்கூட இடம் இல்லியே" என்றான்.

புதன்கிழமை வேனில் நகரத்துக்குப் போனார்கள். வெட்டுவதற்கு எல்லாம் தயார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டாக்டர் கட்டைப் பிரிக்கச் சொன்னார். லாமாராதான் பிரித்தாள். கடைசிச் சுற்றில் அவள் கை வழக்கம் போல நின்றது. காதைத் தீட்டிக்கொண்டாள்.

சத்தம் இல்லை.

அங்கே யாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. சீழ் இருந்த இடத்தில் சிவந்த ஈரச் சதை, கழுவின கல் போல. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். "இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்" என்றார். ஒரு வாரம் கழித்து, "இதை எதுக்கு எங்கிட்ட கொண்டு வர்றீங்க? வீட்டுக்குப் போங்க" என்றார்.

டிசம்பர் பதினேழு பார்பரே திருநாள். அன்று ராச்சாவில் அவரை ரொட்டி சுடாத வீடு இல்லை. முந்தின நாள் சாயங்காலம் தொடங்கிய முதல் பனி காலையில்தான் நின்றது. பெஜானின் காலிலிருந்து கடைசிக் கட்டை லாமாரா எடுத்தாள். அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல்.

"எரிச்சிடவா அக்கா?" என்றான் பெஜான். குரலில் கேலி இருந்தது, கேலிக்குப் பின்னால் கேள்வியும் இருந்தது.

லாமாரா துணியை மடித்து அவன் கையிலேயே கொடுத்தாள். "நீயே நடந்து போய்க் கட்டிட்டு வா. நானும் வர்றேன்."

இரண்டு பேரும் மெதுவாக ஏறினார்கள். அவன் கையில் கோல். அவள் கையில் துணி சுற்றிய சூடான ரொட்டி. முன்னால் கிடந்த பனியில் ஒரு கால்தடம் இல்லை, ஒரு முயலின் தடம்கூட இல்லை. மேலே போகப் போக இரண்டு பேரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ஊற்றில், வெள்ளைப் படிவின் நடுவில், விரல்கடை அகலத்துக்குத் தண்ணீர் அரும்பியிருந்தது.

அடிமரத்தில் கட்டு இல்லை. வெட்டு இருந்த இடத்தில் இரண்டு பக்கத்துப் பட்டையும் உதடு போலத் திரண்டு வந்து மூடிக்கொண்டிருந்தது. நடுவில் நூல் அளவுக்கு ஒரு கோடு மட்டும்.

பெஜான் அந்தக் கோட்டைப் பார்த்தான். குனிந்து தன் காலைப் பார்த்தான். அவன் எதுவும் கேலி பேசாமல் இருந்ததை லாமாரா முதல்முறையாக அன்றுதான் கண்டாள். அவன் தொப்பியைக் கழற்றினான். தன் துணியைக் கிளையில் கட்டினான்.

"அக்கா," என்றான் பிறகு, மெல்லிய குரலில். "அது உங்க தலைத்துணி மாதிரி இல்ல?"

கோயில் படிக்கல்லில் பனி விழாத ஓர் இடம் இருந்தது. மேலே கூரை இல்லை, கிளையும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு முழ இடத்தில் மட்டும் பனி விழவில்லை. அங்கே அவள் வெள்ளைக் கம்பளித் தலைத்துணி, துவைத்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டி மடித்து வைத்திருந்தது. அதன்மேல் ஒரு கை நிறைய வால்நட்.

"சியாலா வச்சிருப்பா" என்றான் பெஜான்.

"சியாலாதான் நேத்துலேர்ந்து உங்க வீட்டு அடுப்பை விட்டு நகரலியே."

இரண்டு பேரும் தாங்கள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு ஜோடிக் கால்தடம், ஒரு கோலின் குழி.

லாமாராவுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஊரில் பாத்திரம் திரும்பி வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்காவிட்டால் கொடுத்தவருக்கு மனம் நோகும். குனிந்து வால்நட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, தலைத்துணியை எடுத்துக் காதுகளை மூடிக் கட்டிக்கொண்டாள். சூடான ரொட்டியை அந்தப் பனி விழாத இடத்தில் வைத்தாள்.

"திருநாள் வாழ்த்துக்கள்" என்றாள் மரத்தைப் பார்த்து. "ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க."

இறங்கும்போது பெஜான், "அதைத் திங்கலாமா?" என்று கேட்டான்.

"குடுத்ததைத் திங்காம?"

ஒரு வால்நட்டை உடைத்து அவனுக்குப் பாதி கொடுத்து, மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். நன்றாக விளைந்த பருப்பு. அந்த உறைபனியிலும் வெதுவெதுப்பாக இருந்தது.